அணித் தலைவர் ஜெய்பால் சிங்

2025ஆம் ஆண்டின் இறுதியில் நம் மதுரை மாநகருக்கு ஒரு பெருமை கிட்டியது. இருபத்து நான்கு நாடுகள் பங்கேற்ற இளையோர் ஹாக்கி உலகக் கோப்பைப் போட்டிகள் சென்னையிலும் நம் ஊரிலும் நடைபெற்றன. அந்நாட்களில் டீக்கடையிலும் பேருந்திலும் ஹாக்கியே பேச்சாயிருந்தது. அப்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகத் தங்கம் வென்றபோது நம் அணிக்குத் தலைமை தாங்கியவர் யார்? தயான் சந்த் என்றே நம்மில் பலர் சொல்வோம். அவர் ஆட்டத்தின் மன்னர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றைய அணித் தலைவர், ஜெய்பால் சிங் என்னும் பழங்குடி இளைஞர்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், குந்தி நகருக்கு அருகிலுள்ள தக்ரா என்ற சிற்றூரில் 1903ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் முண்டா குலத்தில் அவர் பிறந்தார். சிறு வயதில் மாடு மேய்த்த அவர், ராஞ்சியிலுள்ள தூய பவுல் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய அறிவையும் ஆட்டத் திறனையும் கண்ட பள்ளித் தலைவர், மேற்படிப்புக்காக அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் தூய யோவான் கல்லூரியில் பொருளியல் பயின்று பட்டம் பெற்றார். பல்கலைக்கழக ஹாக்கி அணியில் தற்காப்பு ஆட்டக்காரராகப் புகழ் பெற்றார். பின்னர் ஐ.சி.எஸ். தேர்விலும் வெற்றி கண்டார். அக்காலத்தில் ஓர் இந்திய இளைஞர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அதுவே.

அவ்வேளையில்தான் 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் விளையாட்டு வந்தது. இந்திய அணிக்குத் தலைமை ஏற்கும்படி அவருக்கு அழைப்பு வந்தது. ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்த அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. பதவியா, நாட்டின் அணியா? இரண்டில் ஒன்றையே கைக்கொள்ள முடியும் என்ற நிலை. அவர் அணியைத் தேர்ந்துகொண்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்பட்டார்.

நம் அணி ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளை அடுத்தடுத்து வென்றது. மே 26ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை மூன்றுக்குச் சுழியம் எனத் தோற்கடித்தது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் போட்ட நம் அணி, எதிரணிக்கு ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்கவில்லை! அவற்றுள் 14 கோல்கள் தயான் சந்த் போட்டவை.

ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பால் அவர் ஒதுங்கி நிற்க நேர்ந்தது. தாம் வழிநடத்தி வந்த அணி பொற்பதக்கம் பெற்ற நாளில் அதன் தலைவர் களத்தில் இல்லை. இங்கிலாந்து திரும்பியதும் பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றார்கள். அவர் அதற்கு உடன்படாமல் ஐ.சி.எஸ். பதவியையே துறந்தார்.

இவ்வாறு புகழின் உச்சியிலும் பதவியின் வாயிலிலும் நின்று வெறுங்கையோடு திரும்பியவர் மனம் சோர்ந்து போயிருக்கலாம். அவரோ சோர்ந்துவிடவில்லை. பர்மா ஷெல் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்பு ஆப்பிரிக்காவில், இன்று கானா என வழங்கும் நாட்டில், அச்சிமோட்டா கல்லூரி ஆசிரியரானார். இந்தியா திரும்பி ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியிலும் பணிபுரிந்தார். 1939ஆம் ஆண்டு, தம் சொந்த மக்கள் அமைத்த ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை ஏற்றார். அவர் தலைமை தாங்கிய இரண்டாவது அணி இதுவே என்போம்.

நம் நாட்டின் அரசியலமைப்பை உருவாக்கக் கூடிய அவையில் 1946 டிசம்பர் 19 அன்று அவர் எழுந்து பேசினார். காடும் நிலமும் பறிபோய்த் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்ற பழங்குடி மக்களுக்குப் புதிய இந்தியாவில் சம வாய்ப்பு வேண்டும் என்று கேட்டார். தோழியரே, இன்னொன்றையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அவையில் ஆண்களே மிகுந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, பெண்கள் இன்னும் பலர் வர வேண்டும் என்று அன்றே எடுத்துரைத்தவரும் அவரே. தம் மக்களை ஆதிவாசிகள் என்றே குறிக்க வேண்டுமென அவர் வாதாடியது நிறைவேறவில்லை. ஆயினும் பழங்குடியினருக்கான பாதுகாப்புகள் சட்டத்தில் இடம்பெற்றன. அவை சோட்டா நாக்பூர் மலைகளோடு நின்றுவிடவில்லை. நமக்கு அருகே பழனி மலைச் சரிவுகளில் வாழும் பளியர் மக்களுக்கும் உரியவை.

தம் மக்களுக்கெனத் தனி மாநிலம் வேண்டி ஜார்க்கண்ட் கட்சியையும் அவர் வழிநடத்தினார். 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் அது முதன்மை எதிர்க்கட்சியாக அமர்ந்தது. 1963இல் அக்கட்சியைக் காங்கிரசோடு இணைத்தது அவருடைய தொண்டர் பலருக்கு வருத்தமளித்தது. கேட்ட மாநிலமும் அப்போது கிட்டவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே 1970 மார்ச் 20ஆம் நாள் அவர் மறைந்தார். ஜார்க்கண்ட் மாநிலம் மலர்ந்ததோ 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள். இறுதி ஆட்டத்தைப் போலவே இந்த வெற்றி நாளிலும் தலைவர் களத்தில் இல்லை.

எனினும் அவர் உழைப்பு வீணாகவில்லை. அவர் பிறந்த குந்தி மாவட்டத்திலிருந்து நிக்கி பிரதான் என்ற பெண் 2016 ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடினார். அருகிலுள்ள சிம்டேகாவைச் சேர்ந்த சலீமா டேட்டே 2024இல் இந்திய மகளிர் அணியின் தலைவியானார். இருவரும் பழங்குடிப் பெண்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

வெற்றிக் கோப்பையைக் கையில் ஏந்துபவரே தலைவர் என்று நாம் எண்ணி வந்தோம். பிறர் அதை ஏந்தும்படி பாதை அமைப்பவரும் தலைவரே என்பதை ஜெய்பால் சிங்கின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது. நம் பள்ளித் திடலில் பெயர்ப் பட்டியலில் இடம் கிடைக்காத நாளிலும், நம் அணிக்காக மனமுவந்து உழைப்போமாக!