வானத்து இருளைப் படம் பிடித்தவர்

ஊரில் இருந்த நாளில், முற்றத்தில் படுத்துக் கார்த்திகை மீன்களை எண்ணாதவர் நம்மில் அரியர். ஆறு என்பார் ஒருவர். ஏழு என்பார் மற்றொருவர். அக்கூட்டத்தில் பல நூறு மீன்கள் உள்ளன என்பதையும், நெபுலா எனப்படும் மெல்லிய முகிற்படலம் அவற்றினிடையே படர்ந்துள்ளது என்பதையும் வெறுங்கண் அறியாது. கண் அந்தந்த நொடியின் ஒளியையே காணும். புகைப்படத் தகடோ மணிக்கணக்காக ஒளியைச் சேர்த்து வைக்கும். அத்தகட்டின் துணையால் வானத்தை ஆராய்ந்தோருள் தலைசிறந்த ஒருவர் எட்வர்டு எமர்சன் பார்னார்டு. அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1857 டிசம்பர் 16-ஆம் நாள் அவர் பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். உள்நாட்டுப் போரும் வறுமையும் அவரது இளமையை வாட்டின. பள்ளியில் பயின்றது இரண்டே திங்கள். மற்றக் கல்வியெல்லாம் தாயார் அளித்ததே. ஒன்பது வயது நிறையுமுன் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நாளில் படங்களைப் பெரிதாக்குவதற்குக் கதிரவன் ஒளியே துணை. நிலையத்தின் மேல்தளத்தில் அதற்கெனப் பெருங்கருவி ஒன்று இருந்தது. கதிரவன் நகர நகர, அக்கருவியும் அதனை நோக்கியே இருக்குமாறு சக்கரங்களைக் கையால் திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். வெயிலில் நின்று, கண்ணயராது இவ்வேலையைச் செய்தார் அச்சிறுவர். அந்நிலையத்தில் அவர் உழைத்தது பதினேழு ஆண்டுகள். பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்த தொழிலுக்கு இதுவே அரிச்சுவடி ஆயிற்று.

இருபது வயதை எட்டுமுன் ஐந்து அங்குல விட்டமுள்ள ஒளிவிலகு தொலைநோக்கி ஒன்றை 380 டாலர் விலைக்கு வாங்கினார். அத்தொகை அவரது ஓராண்டு வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! 1877-இல் நாஷ்வில் வந்த பேரறிஞர் சைமன் நியூகோம், கணிதம் பயிலாமல் வானியலில் முன்னேற இயலாது என்று அவருக்கு அறிவுறுத்தினார். இளைஞர் மனம் நொந்தார், ஆயினும் சோர்ந்துவிடவில்லை. பகலில் வேலை, இரவில் வானம், இடையே கணிதம் என்று உழைத்தார். 1881 முதல் புதிய வால்வெள்ளிகள் பலவற்றைக் கண்டுபிடித்தார். அந்நாளில் வால்வெள்ளி ஒன்றுக்கு 200 டாலர் பரிசு வழங்கினார் ஒரு செல்வர். அப்பரிசுப் பணத்தால் பார்னார்டு தம் மனைவியுடன் வாழச் சிறு வீடு ஒன்று கட்டிக்கொண்டார்.

1888-இல் கலிபோர்னியாவில் உள்ள லிக் வானாராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார். அங்கே 36 அங்குலப் பெருந்தொலைநோக்கி இருந்தது. அதன்வழியே 1892 செப்டம்பர் 9-ஆம் நாள் வியாழனின் ஐந்தாம் துணைக்கோளைக் கண்டார். கலிலியோ நான்கு துணைக்கோள்களைக் கண்டு 282 ஆண்டுகள் கழிந்தபின் நேர்ந்த செயல் இது. உலகம் அவரைப் போற்றியது. ஆயின் அவருடைய நெஞ்சம் ஆறங்குலச் சிறு வில்லை ஒன்றிலும் ஈடுபட்டிருந்தது. அது மனிதர் முகங்களைப் படம் பிடிப்பதற்கெனச் செய்யப்பட்டது. வானத்தின் அகன்ற பரப்பை ஒரே தகட்டில் அடக்க வல்லது அதுவே. 1889 முதல் அதனைக்கொண்டு பால்வழியின் விண்மீன் கூட்டங்களையும் நெபுலாக்களையும் படம் பிடித்தார். படம் ஒன்றுக்குப் பல மணி நேரம் செல்லும். அவ்வளவு நேரமும் துணைத் தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து, குறுக்கு நூல்களின் நடுவே ஒரு விண்மீனை விலகாமல் நிறுத்த வேண்டும். சற்றே பிசகினும் படம் கெடும். சிறுவயதில் கதிரவனைத் தொடர்ந்த கை, இப்போது விண்மீனைத் தொடர்ந்தது.

1895-இல் யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். அங்கே அவருக்கென 10 அங்குல புரூஸ் படத் தொலைநோக்கி 1904-இல் அமைந்தது. அதனை மறு ஆண்டே கலிபோர்னியாவின் வில்சன் மலைக்குக் கொண்டுசென்று, பால்வழியின் தென்பகுதிகளைப் படம் பிடித்தார். அப்படங்களில் ஒளிமிக்க மீன்களுக்கிடையே கரிய திட்டுகளும் கோடுகளும் தென்பட்டன. அவை மீன்களற்ற வெற்றிடங்கள் என்று பலரும் கருதினர். பார்னார்டும் நெடுநாள் அவ்வாறே எண்ணினார். 1913-இல் ஓரிரவு, பால்வழியின் ஒளிமிக்க பகுதியின்மேல் நம் வானத்துச் சிறு முகில்கள் மைத்துளிகள்போல் மிதப்பதைக் கண்டார். வானத்துத் திட்டுகளும் அவ்வாறே ஒளியை மறைக்கும் பொருள்களாகும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1919-இல் இத்தகைய 182 இருண்ட திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். தாம் நெடுநாள் கொண்ட கருத்தைச் சான்று கண்டு மாற்றிக்கொள்வது எளிதன்று, அப்பெருமை அவருக்குண்டு. அவை வாயுவும் தூசியும் செறிந்த முகில்கள் என்பதையும், அத்தகைய முகில்களிலேயே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன என்பதையும் இன்று நாம் அறிவோம்.

தம் படங்களை நூலாக்க விரும்பிய அவர், ஒவ்வொரு பிரதிக்கும் உண்மைப் புகைப்படங்களே வேண்டும் என்றார். 700 பிரதிகளுக்கு ஏறக்குறைய 35,000 படங்கள். அவை அனைத்தையும் தாமே பார்த்துத் தேர்ந்தார். எனினும் நூலைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1923 பிப்ரவரி 6-ஆம் நாள் மறைந்தார். அவருடைய மனைவியின் உறவினரான மேரி கால்வெர்ட்டும், நிலையத் தலைவர் பிராஸ்ட்டும் எஞ்சிய பணியை முடிக்க, 1927-இல் அந்நூல் வெளிவந்தது.

பெருநகர விளக்கொளியில் வாழும் நமக்கு இன்று இருண்ட வானமே அரிதாகிவிட்டது. அடுத்த முறை ஊர் செல்லும்போது நம் மக்களை நிலவில்லாத இரவில் வெளியே அழைத்துச் செல்வோமாக. கார்த்திகை மீன்களை எண்ணச் சொல்வோம். பால்வழியின் நடுவே ஓடும் கரிய பிளவையும் காட்டுவோம். அது வெறுமையன்று என்று நாம் அறிந்ததில், இரண்டு திங்களே பள்ளி சென்ற ஒருவரின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் அவர்களுக்குச் சொல்வோம்.