ஜி. என். இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயணன் இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) எக்ஸ் கதிர்களின் துணையால் உயிர்ப்பொருட்களின் உள்ளமைப்பை ஆராய்ந்த இந்திய இயற்பியலாளர் ஆவார். புரத அமைப்பியலில் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடம் இவர் பெயரால் வழங்குகிறது.

கல்வி

எர்ணாகுளத்தில் பிறந்த இவர், திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தாலும், விரைவிலேயே சி. வி. இராமனின் மாணவராக இயற்பியலுக்கு மாறினார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ச்சில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

கொலாஜன் ஆய்வு

தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றின் முதன்மைப் புரதம் கொலாஜன். சென்னைக்கு வந்திருந்த ஜே. டி. பெர்னல், இதன் அமைப்பு இன்னும் அறியப்படவில்லை என்று சுட்டிக்காட்டியதே ஆய்வுக்குத் தூண்டுதலாயிற்று. கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ் கதிர்ப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954-இல் முச்சுருள் அமைப்பை முன்மொழிந்தார். 1955-இல் அதைத் திருத்தியமைத்தார். அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர் மூன்று சங்கிலிகள் என்பதை ஏற்றபோதிலும், இவரது மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று மறுத்தனர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை இராமச்சந்திரன் விடாமல் தொடர்ந்தார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்ட வரைபடம் அதன் விளைவே. மறுப்பு இல்லாதிருந்தால் இவ்வரைபடம் சென்னையில் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

நிழலிலிருந்து உருவம்

1971-இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இவர் வெளியிட்ட கட்டுரை பொதுமக்கள் அதிகம் அறியாதது. எக்ஸ் கதிர்ப் படம் என்பது ஒரு நிழல். உள்ளிருக்கும் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பல கோணங்களில் எடுத்த நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உருவம் கிடைக்கும், ஆனால் மங்கலாக இருக்கும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணிதச் சார்பால் சீர்செய்து, பின்னர் பரப்பினால் மங்கல் நீங்கும் என்று இவர்கள் காட்டினர். அதுவரை கையாளப்பட்ட ஃபூரியே உருமாற்றக் கணக்கீட்டைவிட இது எளிது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967-இல் இதையொத்த முறையைக் கண்டிருந்தனர்.

மருத்துவமனை சி.டி. கருவிகளில் இவ்வகைக் கணக்கீடு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. உணவு ஆய்வகங்களின் நுண் சி.டி. கருவிகளிலும் இது பயன்படுகிறது. பழத்தை மெதுவாக உறையவைத்தால் பெரிய பனிப்படிகங்கள் தோன்றிச் செல்சுவர்களைக் கிழிக்கும். உருகும்போது சாறு வடியும். உறைந்த பழத்தை அப்படியே உலர்த்திவிட்டால் படிகங்கள் இருந்த இடங்கள் துளைகளாக எஞ்சும். பழத்தை வெட்டாமலேயே அத்துளைகளின் அளவை நுண் சி.டி. காட்டிவிடும்.

சி.டி. உருவாக்கத்துக்கான 1979-ஆம் ஆண்டு நோபல் பரிசு கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு எப்போதும் கிடைக்கவில்லை.

பிற்காலம்

1971-இல் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1977-இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். 1999-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு கிடைத்தது. இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் துன்புற்ற இவர், சென்னையில் காலமானார்.