சிக்னலில் நின்ற வாத்தியார்! கால்பந்துக்கு வந்தது மஞ்சள், சிவப்பு அட்டை

பிழைப்புக்குப் பள்ளிக்கூடம், ஓய்வு நேரத்தில் கால்பந்து நடுவர். அவர்தான் இங்கிலாந்து தலைமை ஆசிரியர் கென் ஆஸ்டன் (1915–2001).

1962 உலகக் கோப்பையில் சிலி–இத்தாலி ஆட்டத்தில் ஒரே அடிதடி! நடுவர் ஆஸ்டன் வெளியேறச் சொன்ன இத்தாலி வீரர் அசையவில்லை. போலீஸ் வந்துதான் இழுத்துப் போனது.

1966-ல் ஆஸ்டன் நடுவர்களின் தலைவர். இங்கிலாந்துடன் மோதிய அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மன் நடுவர் வெளியே போகச் சொன்னார். ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியலை. ராட்டின் நகரவே இல்லை!

பிறகு ஆஸ்டன் காரில் போகும்போது, லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் சிக்னலில் மஞ்சள் போய் சிவப்பு விழுந்தது. பொறி தட்டியது! மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் வெளியே.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. பாஷைத் தகராறு தீர்ந்தது.

இன்று முழுநேர நடுவர்கள் நீட்டுவதும் அந்த வாத்தியாரின் அட்டையைத்தான்!