வால்ட்டர் லிப்மன்

வால்ட்டர் லிப்மன் (செப்டெம்பர் 23, 1889 - டிசம்பர் 14, 1974) அமெரிக்க இதழாளரும் அரசியற் சிந்தனையாளரும் ஆவார். செய்தி எவ்வாறு உருவாகிறது, வாசகர் அதனை எவ்வாறு உள்வாங்குகிறார் என்பவற்றை ஆராய்ந்தவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

இளமை

நியூயார்க் நகரில் செருமானிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1914ல் தொடங்கப்பட்ட 'நியூ ரிபப்ளிக்' இதழின் நிறுவன ஆசிரியர்களுள் இவரும் ஒருவர். முதலாம் உலகப் போரின்போது அதிபர் வில்சனின் 14 அம்சத் திட்டத்தை வகுக்க உதவினார். பின்னர் பிரான்சில் எதிரிப் படையினருக்கான பரப்புரைத் துண்டறிக்கைகளை எழுதினார். பரப்புரையை உள்ளிருந்தே கண்டவர் என்பதால் செய்திகள் மீதான இவரது ஐயம் ஏட்டறிவால் மட்டும் வந்ததன்று.

செய்திகளைச் சோதித்தல்

1920ல் லிப்மனும் சார்லஸ் மெர்சும், உருசியப் புரட்சி குறித்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் மூன்று ஆண்டுகள் வெளியிட்ட செய்திகளை ஆராய்ந்தனர். போல்செவிக் ஆட்சி வீழப்போகிறது அல்லது வீழ்ந்துவிட்டது என்னும் பொருளில் 91 முறை செய்தி வந்திருந்தது, ஆட்சியோ வீழவில்லை. இதனை அவர்கள் திட்டமிட்ட சதி எனக் கூறவில்லை. செய்தியாளரும் ஆசிரியரும் தாம் விரும்பியதையே கண்டனர் என்றும், அரசு வட்டாரங்களையும் பெயர் குறிப்பிடாதோரையும் அளவுக்கு மீறி நம்பினர் என்றும் முடிவு செய்தனர். (மெர்சு பின்னாளில் அதே நாளிதழின் தலையங்கப் பக்க ஆசிரியரானார்.)

1922ல் வெளியான 'பொதுமக்கள் கருத்து' என்ற நூலில், மனிதர் உலகை நேரே அறிவதில்லை, மனத்திலுள்ள படங்களின் வழியே அறிகின்றனர் என்று வாதிட்டார். அச்சுத்தொழிலில் வார்ப்புத் தகட்டைக் குறித்த 'ஸ்டீரியோடைப்' என்னும் சொல், மாறாத முன்முடிவு என்ற பொருளில் பரவ இந்நூலே பெரிதும் காரணம்.

1942ஆம் ஆண்டுப் பத்தி

1931 முதல் 1967 வரை 'இன்றும் நாளையும்' என்ற பத்தியை எழுதினார். பெப்ரவரி 1942ல், மேற்குக் கரையில் வாழ்ந்த சப்பானிய வம்சாவளியினரை அப்புறப்படுத்துவதை ஆதரித்தார். அதுவரை நாசவேலை நிகழாததையே, தாக்குதலுக்குத் தருணம் பார்த்திருக்கின்றனர் என்பதற்கான அறிகுறியாகக் கொண்டார். சான்று இல்லாமையே சான்றாக்கப்பட்டது. தாம் 20 ஆண்டுகளுக்கு முன் விளக்கிய குறைபாட்டுக்கு லிப்மனே இங்கு எடுத்துக்காட்டாகிறார். ஒரு வாரத்தில் அதிபர் ரூசவெல்ட்டின் ஆணை வெளியானது. ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்க அரசு 1988ல் சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது.

இறுதிக்காலம்

1958, 1962 ஆண்டுகளில் புலிட்சர் பரிசு பெற்றார். வியட்நாம் போரை எதிர்த்தமையால் அதிபர் ஜான்சனுடனான நட்பு முறிந்தது. நியூயார்க்கில் காலமானார்.