அப்பர் சுவாமிகளும் அச்சமின்மையும்

சிவவழிபாட்டிற் புகுந்தபின் முறை தவறின் தீங்கு நேருமோ என்று அஞ்சுவார் நம்மிடையே பலர் உளர். நியமங் குறைந்த பூசையினும் பூசை செய்யாதொழிதலே நலமென்பாரும் உண்டு. அன்னார் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றைச் சேக்கிழார் அருளியவாறு ஒருமுறை ஊன்றி நோக்குவாராக.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாராய்த் தோன்றிய மருணீக்கியார் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மாண்டனர். உயிர் துறக்கத் துணிந்த அம்மையார் தம்பியார் பொருட்டே உயிர் தாங்கினர். அத்தம்பியாரோ உலக நிலையாமை கண்டு, சமணம் புகுந்து, பாடலிபுத்திரத்திற் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்றனர். பின்னர் அவரைச் சூலைநோய் பற்றியது. அது தண்டனையன்று; தமக்கையார் வேண்டுகோளுக்கிரங்கி இறைவன் மேற்கொண்ட ஆட்கொள்ளும் வழியே என்க. திருவதிகை சென்று, அம்மையார் அளித்த திருநீற்றை அணிந்து, வீரட்டானத்துப் பெருமானைப் பாடிய அளவிலே நோய் நீங்கிற்று. பல்லாண்டு புறத்தே நின்றவர்க்கே இத்துணை எளியனாயின், நியமத்திற் சிறிது வழுவினார் அஞ்சுவது எற்றுக்கு?

ஆயினும், வழிபட்டார்க்குத் துன்பமே வாராதென்று கொள்ளற்க. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் ஏழுநாள் அடைப்பித்தான், நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டுவித்தான், மதயானையை ஏவினான், ஈற்றிற் கல்லொடு பிணித்துக் கடலில் எறிவித்தான். கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தார் சுவாமிகள். அம்மன்னனும் பின் சைவனாகித் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுப்பித்தான். அவன் ஏறக்குறையக் கி.பி. 600 முதல் 630 வரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆராய்ச்சியாளர். இடர் வந்தது உண்மை. அவ்விடர் அவரைப் பற்றவில்லை என்பதும் உண்மை. இறைபணியில் வழுவாது நிற்பாரை மலமும் மாயையும் வினையும் தொடரா என்னும் சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரத்திற்கு இதனினும் சிறந்த இலக்கியம் யாதுளது?

ஈண்டு ஒன்று நம் உள்ளத்தை உருக்குவது. திருமறைக்காட்டில் உடனிருந்த ஞானசம்பந்தப் பிள்ளையார்க்குப் பாண்டிநாட்டினின்று அழைப்பு வந்தபோது, தமக்கென்று ஒருநாளும் அஞ்சாத அப்பர் பிள்ளையார் பொருட்டு அஞ்சினார். அமணர் தமக்கிழைத்த இன்னல்களை எடுத்துரைத்தார். கோள்நிலையும் நன்றன்று என்று தடுத்தார். நீற்றறையை அறிந்தவர்க்கன்றோ அதன் வெம்மை தெரியும்! அவ்வச்சம் பத்திக் குறைவன்று, அன்பின் மிகுதியே. சிவன் உள்ளம் புகுந்தமையாற் கோள்கள் யாவும் நல்லனவே என்று கோளறு பதிகம் பாடிப் பிள்ளையார் புறப்பட, வாகீசரும் அமைந்தனர். சமயங்களின் பழம்பகையை இன்று வளர்த்தல் இவ்வரலாற்றின் பயனன்று என்பதும் ஈண்டு நினைக்கத்தகும்.

அடியார்க்கு மெய்யான இடர் அரசனாலன்று, ஆசையால் வருவது போலும். திருப்புகலூரில் சுவாமிகள் உழவாரப்பணி செய்யுமிடத்துப் பொன்னும் நவமணியும் கிடக்குமாறு இறைவன் செய்தருளினான். பருக்கைக்கல்லும் பொன்னும் அவர்க்கு வேறாகத் தோன்றவில்லை. உழவாரத்தினால் ஏந்தி அனைத்தையும் அருகிருந்த வாவியில் எறிந்தார். அரம்பையர் வந்து ஆடியும் பாடியும் மயக்க முயன்ற காலத்தும் அவர் மனம் பணியினின்று பெயர்ந்திலது. அவர்கள் வணங்கிச் சென்றனர். அப்புகலூரிலேயே சித்திரைச் சதயத்தன்று சுவாமிகள் இறைவன் திருவடி நீழலை எய்தினர்.