எப்.ஏ. தேறாதவர் சீமையில் பட்டம் பெற்றார்!
கணித மேதை ராமானுஜன் வாழ்க்கை

செஞ்சிக் கோட்டை என்றதும் தேசிங்கு ராஜன் நினைவு வரும். 1714-ம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு, இளம் வயதிலேயே உயிர் விட்ட வீரன் அவன்.

செஞ்சிக்குத் தென்மேற்கே, பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது திருக்கோவிலூர். அந்நாளில் இரண்டு ஊர்களும் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. 1910-ம் ஆண்டில் ஒரு வாலிபர் கும்பகோணத்தில் ரயில் ஏறினார். விழுப்புரத்தில் வண்டி மாறித் திருக்கோவிலூர் வந்து சேர்ந்தார். கையில் கணக்கு நோட்டுப் புத்தகம். மனதில் ஒரே ஆசை: ஒரு குமாஸ்தா வேலை கிடைக்காதா?

அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

கணக்கிலே புலி

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். ஏழைக் குடும்பம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் ராமானுஜன்தான். 1904-ல் பரிசோடு பள்ளிப் படிப்பை முடித்தார். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் வந்தது வினை. இரவும் பகலும் கணக்கே கதி என்று இருந்தார். மற்றப் பாடங்களைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. படிப்பும் நின்றது.

பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் பி.ஏ. படிக்க வேண்டுமானால் முதலில் எப்.ஏ. பரீட்சையில் தேற வேண்டும். கணக்கு மட்டும் போதாது. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். 1906-ல் எழுதினார். தேறவில்லை. 1907-ல் மறுபடி எழுதினார். அப்போதும் தேறவில்லை.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை. 1909-ல் ஜானகியை மணந்தார். குடும்பப் பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

திருக்கோவிலூரில் நடந்தது

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். கணிதப் பிரியர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர். அவரிடம்தான் ராமானுஜன் வேலை கேட்டுப் போனார்.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய அதிகாரி அசந்து போனார். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார வைத்தால் இந்த அறிவு வீணாகும் என்று எண்ணினார். வேலை தரவில்லை. அதற்குப் பதிலாக, சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதங்கள் வழி திறந்தன. நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீசில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

விதி வளைந்தது

1913 ஜனவரியில் ராமானுஜன் தம் கணக்குகளை எழுதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டி வியந்து, உடனே வரவழைக்க முயன்றார்.

சென்னைப் பல்கலைக்கழகமும் விழித்துக்கொண்டது. ஆராய்ச்சி உதவித்தொகை எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கே உரியது. ராமானுஜனோ எப்.ஏ.கூடத் தேறாதவர். ஆனாலும் பெரியவர்கள் வாதாடினார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை அல்லவா? மாதம் 75 ரூபாய் உதவித்தொகை 1913 மே மாதம் முதல் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை.

1914 மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜிலும் அதே சிக்கல்! ஆராய்ச்சி மாணவராகச் சேர, முன்பே ஒரு பட்டமோ சான்றிதழோ வேண்டும். அந்த விதியையும் அவருக்காகத் தளர்த்தினார்கள். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரை தர வேண்டும் என்ற விதி தளரவில்லை.

12-ன் மகிமை

என்ன ஆராய்ச்சி செய்தார்? வீட்டு உதாரணமே போதும். 12 லட்டு இருக்கிறது. அதை 1, 2, 3, 4, 6, 12 பேருக்கு மிச்சமில்லாமல் பங்கிடலாம். ஆறு வழி! 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை வழி கிடையாது. அடுத்தபடி 24-க்கு எட்டு வழி. இப்படிப்பட்ட எண்களின் இயல்பை ராமானுஜன் ஆராய்ந்தார். 1915-ல் லண்டன் கணிதச் சங்கம் அதை நீண்ட கட்டுரையாக வெளியிட்டது.

அந்தக் கட்டுரைக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி பி.ஏ. பட்டம் அளித்தது. பி.எச்டி. பட்டம் அங்கே அப்போது இல்லை. சில ஆண்டுகள் கழித்தே வந்தது. ஆகவே இன்றைய பி.எச்டி.க்கு முன்னோடியாக அந்தப் பட்டத்தைச் சொல்வார்கள்.

1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனால் உடல் நலிந்துவிட்டது. 1919-ல் தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ராமானுஜன் உயர்கணித ஆய்வு நிலையம் இருக்கிறது. எம்.எஸ்சி. படித்துத் தேறி, பிறகு ஆராய்ந்து, கட்டுரை எழுதி அங்கே டாக்டர் பட்டம் பெறுகிறார்கள். பரீட்சையும் விதியும் இன்றும் உண்டு, அவை வேண்டியவைதாம். ஆனால் அன்று திருக்கோவிலூரில் ஓர் அதிகாரி சான்றிதழைக் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். அதனால்தான் உலகத்துக்கு ஒரு ராமானுஜன் கிடைத்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினால், மார்க்கைக் கேட்குமுன் அதைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.