நாடகம் காத்த ஔவை சண்முகம்

நாஞ்சில் நாடு கலைவளம் மிக்கது. அங்குக் கோயிற்கொடை விழாக்களில் வில்லிசை முழங்கும். நாடகத்தையும் மக்கள் விடிய விடியக் கண்டு மகிழ்வர். அந்நாடு திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்த காலத்தில், அவ்வரசின் தலைநகராகிய திருவனந்தபுரத்தில் 1912-ஆம் ஆண்டு டி. கே. சண்முகம் பிறந்தார். அவருடைய தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகரே.

சண்முகம் 1918-இல், ஆறு வயதுச் சிறுவராகத் தம் தமையன்மாருடன் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். 1925-இல் உடன்பிறந்தார் நால்வரும் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்னும் குழுவைத் தாமே தொடங்கினர். நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடிப்புப் பயின்றதும் இக்குழுவிலேதான்.

நாடகக் குழுவை நடத்துவது எளிதன்று. நடிகர் அனைவருக்கும் உணவும் உறையுளும் ஊதியமும் அளித்தல் வேண்டும். காட்சித் திரைகளையும் உடைகளையும் ஊர்தோறும் சுமந்து செல்லல் வேண்டும். இத்தனைக்கும் அன்றாட வசூலே வழி.

1931-இல் தமிழ்ப் பேசும் படம் வந்தது. மக்கள் அதனை நாடிச் சென்றனர். நாடகக் கொட்டகைகள் பல படக்கொட்டகைகள் ஆயின. தேர்ந்த நடிகர்களும் திரைப்படத்திற்குச் சென்றனர். குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. இவ்வுடன்பிறந்தாரும் 1935-இல் மேனகா என்னும் படத்தில் நடித்தனர். திரையுலகில் அவர்களுக்கு இடம் இருந்தது. ஆயினும் மேடையை அவர்கள் கைவிடவில்லை.

பழைய நாடகங்களையே திரும்பத் திரும்ப நடித்தால் மக்கள் வாரார் என்பதைச் சண்முகம் உணர்ந்தார். ஆகவே நாட்டுப்பற்று நாடகங்களையும் சமூக நாடகங்களையும் மேடையேற்றினார். 1942-இல், முப்பது வயதினராகிய அவர் ஔவை மூதாட்டியாகவே மாறி நடித்தார். ஔவை என்னும் அடைமொழி அவர் பெயரோடு நிலைத்தது. 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூடச் சகோதரர்கள் முன்னின்றனர். நாடகப் போட்டி நடத்திப் புதிய ஆசிரியர்களையும் தேடினர். அரு. இராமநாதன் எழுதிய இராஜராஜ சோழன் நாடகத்தை நடித்துப் புகழ் பெற்றனர்.

கலை அழிந்துவிடாமற் காக்க நடிப்பு மட்டும் போதாது என்று கருதிய சண்முகம், நாடகக் கலை, எனது நாடக வாழ்க்கை முதலிய நூல்களையும் எழுதினார்; தம் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் புகழை நாடெங்கும் பரப்பினார். அரசு 1971-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1973-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே இராஜராஜ சோழன் திரைப்படமாக வெளிவந்தது. நாடகத்தை நலிவித்த திரைப்படமே, அவர் மேடையில் வளர்த்த கதையை நாடிவந்து பெற்றுக்கொண்டது.

மாணவர்களே! கூட்டம் குறைந்ததென்று தாம் கற்ற தொழிலைக் கைவிடாமல், காலத்துக்கேற்பப் புதுக்கி வளர்த்தவர் ஔவை சண்முகம். அவ்வுறுதியை நாமும் கைக்கொள்வோமாக.